டாஸ்மேனியாவில் ஆறு நாள் நடை: வழிகாட்டியோடு ஓவர்லேண்ட் டிராக் போகிறவர்களுக்கு

வழிகாட்டி கூட வருகிறார், சமைத்துப் போடுகிறார், ராத்திரி படுக்க இடம் இருக்கிறது. அப்புறம் நமக்கென்ன வேலை என்ற நினைப்பில்தான் பலரும் பணம் கட்டுகிறார்கள். பாதையும் அடுப்பும் அவர் பொறுப்பு, சரி. ஆனால் உங்கள் பாதமும், பைக்குள் காய்ந்தபடி இருக்க வேண்டிய அந்த ஒரு செட் துணியும் உங்கள் பொறுப்பு. டாஸ்மேனியாவில் நடக்கப் போனவர்கள் அவதிப்படுவது இந்த இரண்டால்தான். நடுவழியில் ‘போதும், வண்டி வரச் சொல்லுங்கள்’ என்று சொல்லவும் முடியாது. பாதையை ஒட்டி ரோடு இல்லை, பெரும்பாலான இடத்தில் போன் சிக்னலும் இல்லை.

பாதை இதுதான். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தீவின் நடு மேட்டு நிலத்தில், வடக்கே கிரேடில் மலையடிவாரத்தில் ரோனி கிரீக்கில் தொடங்கி, தெற்கே செயின்ட் கிளேர் ஏரியின் தலைமாட்டில் நார்சிஸஸ் என்ற இடத்தில் முடிகிறது. சுமார் 65 கிலோமீட்டர். கிரேடில் மவுண்டன் - லேக் செயின்ட் கிளேர் தேசியப் பூங்காவுக்குள்ளேயே முழுக்க ஓடுகிறது. 1982இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த டாஸ்மேனியக் காட்டு நிலத்தின் ஒரு பகுதி இது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை முன்பதிவுக் காலம். அந்த மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காக மட்டுமே நடக்கலாம், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கும் உண்டு. வழிகாட்டி நிறுவனத்தோடு போனால் இந்தப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டும் கட்டணத்தில் அடக்கமா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிலா, கூடாரமா

வழிகாட்டி நடை இரண்டு விதம். ஒன்று, தனியார் குடில்களில் தங்குவது: கட்டில், வெந்நீர்க் குளியல், ஈரத்துணி காயவைக்கச் சூடான அறை, மேஜையில் சாப்பாடு. பையில் உங்கள் துணி, தண்ணீர், மதியச் சாப்பாடு மட்டும். 8 முதல் 10 கிலோ வரும். இன்னொன்று கூடார நடை: கூடாரம், தூக்கப்பை, குழுவின் உணவில் உங்கள் பங்கு எல்லாம் உங்கள் முதுகில். 18 கிலோவைத் தாண்டும். இரண்டாவது நிறையவே மலிவு.

வாழ்க்கையில் முதல் பலநாள் நடை இதுதான் என்றால் பணத்தைப் பார்க்காமல் குடிலை எடுங்கள். சொகுசுக்காகச் சொல்லவில்லை. துணி காயவைக்கும் அறை ஒன்று இருந்தால் ஆறு நாளும் வேறு மாதிரிப் போகும். கூடாரத்தில் முதல் நாள் நனைந்த ஜாக்கெட்டை வெயில் தலைகாட்டாவிட்டால் ஆறாம் நாள்வரை அப்படியேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முதுகுப்பையும் மழை ஜாக்கெட்டும் இரவல் தருவார்களா, சைவச் சாப்பாடு என்றால் முட்டையும் மீனும் சேருமா. கடைசிக் கேள்வியை எழுத்திலேயே கேளுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டை நிச்சயம் தட்டில் வரும். ஆறு நாளுக்கான சாமான் முன்கூட்டியே கட்டப்படுவதால், காட்டுக்குள் போனபிறகு மாற்றச் சொல்லி எந்தப் பயனும் இல்லை.

எந்த மாதம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ராத்திரி எட்டரை, ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், பகல் வெயில் சுளீரென்று இருக்கும். புற ஊதாக் கதிர் மிகக் கடுமை. குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டால் இரண்டாம் நாளே மூக்குத் தோல் உரியும். காட்டுத்தீ காரணமாகப் பாதை மூடப்படக்கூடிய காலமும் இதுவே. அக்டோபர், நவம்பரில் மேட்டில் பனி மிச்சம் இருக்கும், ஆள் குறைவு. எங்கள் ஓட்டு மார்ச்சுக்கு. காற்று சற்று அடங்கியிருக்கும், பூச்சித் தொல்லையும் குறைந்திருக்கும்.

ஏப்ரல் கடைசிக்கு மட்டும் தனிக் காரணம் உண்டு. ஃபேகஸ் என்று உள்ளூரில் சொல்லும் குட்டை மரம், உலகத்தில் டாஸ்மேனியாவில் மட்டுமே வளர்வது, குளிருக்கு முன் இலை உதிர்ப்பது. ஏப்ரல் 25ஐ ஒட்டி மலைச்சரிவெல்லாம் மஞ்சளும் செம்பும் ஆகும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதையும், விரல் விறைக்கும் குளிரையும் ஏற்றுக்கொண்டே போக வேண்டும்.

எந்த மாதம் போனாலும் பனி பெய்யலாம், கிறிஸ்துமஸ் அன்றும்தான். தென்பெருங்கடலில் தடையில்லாமல் ஓடிவரும் மேற்குக் காற்று முதலில் மோதுகிற நிலம் இது. அதனால் ‘கோடைதானே’ என்று சாமான் பட்டியலில் எதையும் வெட்டாதீர்கள்.

உடம்பைத் தயார் செய்வது

பத்து வாரம் வேண்டும். தட்டை நிலத்தில் நடப்பது போதாது. பாதையில் மேடும் பள்ளமும் மர வேரும் பாறையும்தான். மலை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிப் படிக்கட்டே மலை. முதல் மூன்று வாரம் வெறும் கையோடு வாரம் நான்கு நாள், பத்து மாடி ஏறி இறங்குங்கள். அடுத்த நான்கு வாரம் முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, பிறகு நான்கு. கடைசி மூன்று வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 12 கிலோமீட்டர், முழுப் பாரத்தோடு. அடுத்தடுத்து என்பது முக்கியம்; வலிக்கும் காலோடு மறுநாள் காலை கிளம்பப் பழகுவதுதான் பயிற்சி.

இறங்கும்போது லிஃப்டில் வராதீர்கள். ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவது முழங்காலை வாங்கும். தொடைத் தசை நீண்டபடியே பாரம் தாங்கப் பழகாவிட்டால் மூன்றாம் நாள் கால் நடுங்கும்.

பூட்ஸ்

கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ். பயணத்துக்கு முன் குறைந்தது 60 கிலோமீட்டர் அதில் நடந்திருக்க வேண்டும். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது.

பழைய பூட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே இருக்கும் மெத்தை பெரும்பாலும் பாலியூரிதீன் என்ற செயற்கை நுரை. நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அலமாரியில் ஐந்தாறு வருஷம் சும்மா கிடந்தால் அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். முதல் நாள் சேற்றில் மிதித்ததும் அடிப்பாகம் மொத்தமாக வாயைப் பிளக்கும். கட்டைவிரலால் அந்த மெத்தையை அழுத்தினால் பொடிப் பொடியாக உதிர்கிறதா, கோடு கோடாக வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

பூட்ஸுக்கு மேல் கெய்ட்டர் கட்டாயம். முழங்கால் வரை வரும் கான்வாஸ் உறை அது. சேறு, அட்டை, பாம்பு, முள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே காப்பு.

துணி

பருத்திதான் உடம்புக்கு இதம் என்பது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தும் நியாயம். இங்கே பருத்தி ஆபத்து. வியர்வையையும் மழையையும் குடித்து வைத்துக்கொண்டு, காற்று பட்டதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பனியன், ஜட்டி உட்பட எதிலும் பருத்தி வேண்டாம். ஜீன்ஸை, நடைக்கு முன் தங்கும் லான்செஸ்டன் நகரத்து ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: மெல்லிய மெரினோ கம்பளி உள்சட்டை இரண்டு, மெரினோ உள்கால்சட்டை ஒன்று, ஃப்ளீஸ் அல்லது கம்பளி மேல்சட்டை ஒன்று, இறகோ செயற்கைப் பஞ்சோ வைத்த ஜாக்கெட் ஒன்று, சீக்கிரம் காயும் நடைக் கால்சட்டை ஒன்று, தையல்களில் டேப் ஒட்டிய, தொப்பியோடு கூடிய மழை ஜாக்கெட், மழைக் கால்சட்டை, கம்பளித் தொப்பி, வெயில் தொப்பி, கையுறை, கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி. மழைக் கால்சட்டையை வேண்டாம் என்று விடுகிறவர்கள்தான் அதிகம். காற்றோடு மழை அடிக்கும்போது தொடைதான் முதலில் விறைக்கும்.

இனி முறை. துணி இரண்டு செட்: நடக்கிற செட், தங்குகிற செட். தங்குகிற செட்டை எந்தக் காரணத்துக்காகவும் நடையில் போடக் கூடாது. காலையில் எழுந்ததும் அந்தக் காய்ந்த துணியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, நேற்றைய ஈர சாக்ஸை மறுபடி மாட்டுவது கொடுமைதான். பத்து நிமிஷத்தில் கால் சூடாகிவிடும். ‘இன்று மட்டும்’ என்று காய்ந்ததைப் போட்டுக் கிளம்பினால் மாலையில் இரண்டு செட்டும் ஈரம்.

முதுகுப்பைக்கு வெளியே மாட்டும் மழை உறையை நம்பாதீர்கள். கிரேடில் மேட்டுக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். பைக்கு உள்ளே, கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

முதுகுப்பை மாட்டுவது

தோளில் மாட்டி இழுத்துக் கட்டுவது ஸ்கூல் பை. இங்கே பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட்டுப் பையைப் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்து, இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி அதன்மேல் வரும்படி வைத்து முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள்பட்டை, அதன்பின் தோளுக்கு மேலிருந்து பைக்குப் போகும் சின்னப் பட்டை, கடைசியாக நெஞ்சுப் பட்டை. தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரி. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். மேலே இருந்தால் பாறையில் தடுமாறும்போது உங்களைச் சாய்த்துவிடும்.

விமான நிலையத்தில்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசிட்டர் விசா எடுக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு மின்னணு அனுமதி போதும். ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது படிவத்தில் எல்லா உணவுப் பொருளையும் எழுதிவிடுங்கள். பொடி, ஊறுகாய், முறுக்கு எதுவானாலும் சரி. சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். கறிவேப்பிலை, பழம், விதை வேண்டவே வேண்டாம். மண் ஒட்டிய பூட்ஸையும் எழுத வேண்டும். மெல்பர்னிலிருந்து டாஸ்மேனியா இறங்கும்போது மறுபடி ஒரு சோதனை: உள்நாட்டு விமானம்தானே என்று கையில் ஆப்பிளோடு இறங்கினால் மோப்ப நாய் பக்கத்தில் வந்து உட்காரும்.

பூட்ஸ் விஷயத்தில் இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. ஃபைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கிருமி, மண் வழியாகப் பரவி அங்குள்ள செடிகளைக் கொல்கிறது. அடிப்பாகப் பள்ளங்களை ஊக்கு வைத்துச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். பாதை தொடங்கும் இடத்திலும் கழுவச் சொல்வார்கள்.

நாள் நாளாக

கீழே சொல்லும் தூரம் பொதுக் குடில்களுக்கு இடையிலானது. தனியார் குடில்கள் சற்றுத் தள்ளி இருப்பதால் கொஞ்சம் கூடும், குறையும்.

முதல் நாள், வாட்டர்ஃபால் வேலி வரை சுமார் 11 கிலோமீட்டர். ஆறு நாளில் கடினமான ஏற்றம் இதுதான். மேரியன்ஸ் லுக்அவுட்டுக்கு ஏறும் கடைசிச் செங்குத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு பிடியுங்கள், குளிர்ந்த இரும்பு. மேலே ஏறியதும் வியர்த்திருப்பீர்கள், காற்று அடிக்கும். போட்டோ எடுக்குமுன் ஜாக்கெட்டைப் போடுங்கள். குளிர்ந்தபிறகு போட்டால் சூடேற அரைமணி ஆகும். அடுத்து வரும் கிச்சன் ஹட் என்ற சின்ன மரக்குடிலின் மேல்தளத்தில் ஒரு கதவு இருக்கும். கீழ்க் கதவு பனியில் புதைந்துபோனால் நுழைவதற்கு. அதைப் பார்த்த பிறகு மழைக் கால்சட்டை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அங்கிருந்து கிரேடிலைச் சுற்றிப் போகும் மேடுதான் மொத்தப் பாதையிலும் மறைப்பே இல்லாத இடம். வானிலை மோசமென்றால் கிரேடில் உச்சி (1,545 மீட்டர்) வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லுவார். வாதாடாதீர்கள்.

இரண்டாம் நாள் விண்டர்மியர், 8 கிலோமீட்டருக்குள். எளிது. மூன்றாம் நாள் பீலியன் வரை கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர், நீண்ட நாள். பட்டன்கிராஸ் என்ற கோரைப்புல் வெளியில் பலகைப் பாதை, பிறகு காட்டுக்குள் இறக்கம். பாதையின் மிகத் தாழ்வான இடமான ஃபிராக் ஃப்ளாட்ஸ் அட்டைகளின் ஊர். அங்கே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையை நகத்தால் பக்கவாட்டில் நெம்பித் தள்ளினால் போதும். சேறு வந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள். பூட்ஸ் அழுக்காகுமே என்று ஓரமாகச் சுற்றிப் போனால் ஒரு பாதை பத்துப் பாதையாக அகலும். அங்கே ஒரு செடி திரும்ப முளைக்க வருஷக்கணக்கில் ஆகும். ஈரமான மர வேரை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். பலகைப் பாதையில் ஊன்றுகோலைப் பலகை இடுக்கில் குத்தினால் மாட்டி முறியும், அங்கே மட்டும் மடக்கிக் கையில் வையுங்கள்.

நான்காம் நாள் பீலியன் கேப் கணவாய் வழியாகக் கியா ஓரா, 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணவாயில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். டாஸ்மேனியாவின் மிக உயர்ந்த மலை ஓசா, 1,617 மீட்டர், இங்கிருந்து போய்வர ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் நாலைந்து மணி நேரம் எடுக்கும். கடைசியில் கையையும் ஊன்றிப் பாறைமேல் பாறையாக ஏற வேண்டும். நேற்றைய 17 கிலோமீட்டர் இன்னும் முழங்காலில் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். மேலே ஏறும்போது தோன்றுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், இறங்கவும் வேண்டும்.

ஏறப் போகிறவர்கள் முதுகுப்பையைக் கணவாயில் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே காத்திருப்பது கரவாங். காக்கையைவிடப் பெரிய கரும்பறவை, மஞ்சள் கண். ஜிப்பின் நாக்கை அலகால் கவ்வி இழுத்துத் திறக்கத் தெரியும் அதற்கு. உணவு மட்டும் போனால் பரவாயில்லை, மருந்துப் பை, மூக்குக்கண்ணாடி எல்லாம் புதருக்குள் போகும். இரண்டு ஜிப் நாக்குகளையும் சின்னக் கொக்கியால் சேர்த்துப் பூட்டுங்கள், மேலே மழை உறையைப் போர்த்தி, ஜிப் பக்கம் தரையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். காற்றுக்கு ஆகாத அந்த மழை உறைக்கு இங்கே ஒரு வேலை கிடைத்தது.

ஐந்தாம் நாள் விண்டி ரிட்ஜ், பத்து கிலோமீட்டர் போல. வழியில் டு கேன் குடில், 1910 வாக்கில் கட்டியது, பக்கத்திலேயே அருவிகள். ஆறாம் நாள் நார்சிஸஸ், 9 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கமும் சமதளமும். அங்கிருந்து படகில் ஏரியைக் கடந்து சிந்தியா பே.

கால், பாம்பு, எறும்பு

கொப்புளம் திடீரென வருவதில்லை. முதலில் ஓரிடம் சூடாக உறுத்தும். அந்த நிமிஷமே ‘நில்லுங்கள்’ என்று சொல்லுங்கள். குழுவைத் தாமதப்படுத்துகிறோமே என்ற கூச்சம் வேண்டாம். இப்போது ஐந்து நிமிஷம் நிற்பதா, நாளை முழுக்க நொண்டுவதா என்பதுதான் கணக்கு. பாதத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒட்டும் துணி டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸில் சுருண்டு உரியாது. கால் நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

டாஸ்மேனியாவில் பாம்பு மூன்று வகைதான், மூன்றும் விஷம். வெயிலில் பலகைமேல் படுத்திருந்தால் நின்று வழி விடுங்கள். கடித்தால் கழுவக் கூடாது, நடக்கக் கூடாது. கடிபட்ட கையோ காலோ, அது முழுக்க அகலமான பேண்டேஜை இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் கட்டை கட்டிப் படுக்கவைத்து உதவிக்குச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் ஒரே முறிமருந்து.

பாம்பைவிட நாங்கள் அதிகம் கவலைப்படுவது ஜாக் ஜம்பர் எறும்பைப் பற்றி. குதித்துக் குதித்து வரும் கறுப்பு எறும்பு, கால்கள் ஆரஞ்சு. பலருக்கு வெறும் வலி. சிலருக்கு மூச்சடைக்கும் அளவு ஒவ்வாமை. பூச்சிக்கடி ஒவ்வாமை ஏற்கெனவே உண்டென்றால் வழிகாட்டி நிறுவனத்தின் படிவத்தில் எழுதி, அட்ரினலின் ஊசிப் பேனாவைப் பையின் மேல் அறையில் வையுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, பழைய முழங்கால் காயம் எதையும் மறைக்க வேண்டாம். சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து மறைப்பவர்களால்தான் வழிகாட்டிக்குத் தலைவலி.

கூட நடப்பவர் திடீரென அமைதியாகிவிட்டால், பேச்சு குழறினால், சமதளத்தில் தடுக்கினால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் இறங்குகிறது. உடனே வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். ஈரத்துணியை மாற்றி, இனிப்பு எதையாவது சாப்பிட வைப்பார்.

ஆறு நாள் அதிகம் என்றால்

டாஸ்மன் தேசியப் பூங்காவில் த்ரீ கேப்ஸ் டிராக், 48 கிலோமீட்டர், நான்கு நாள். கடலோரச் செங்குத்துப் பாறை உச்சிகள், நன்றாகப் போட்ட பாதை, அங்கும் வழிகாட்டியோடு போகலாம். குழந்தைகளோடு போனால் மரியா தீவு: கடை இல்லை, சுற்றுலாக் கார் இல்லை, மாலையில் புல்வெளியெங்கும் வோம்பாட் மேயும். அதன் சாணம் சதுரக் கட்டியாக இருக்கும். பிள்ளைகளுக்கு வேறெதுவும் நினைவில் நிற்காது.

சிந்தியா பேயில் இறங்கியதும் பூட்ஸை அங்கேயே கழுவிவிடுங்கள். சேறு காய்ந்தபின் ஊக்கு வைத்தாலும் வராது, ஊர் திரும்பும் வழியில் சுங்கத்திலும் நாற்றம் அடிக்கும். பூட்ஸின் உள்மெத்தையை (இன்சோல்) கழற்றி, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணியுங்கள்; இரண்டு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாள் விமானம் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். ஹீட்டர் முன்னால் மட்டும் வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும்.